பின்னால் எரிந்த விளக்கு

செண்பகராஜின் வண்டிக்குப் பதினேழு வயது. டேங்கில் எழுதியிருந்த கம்பெனிப் பெயர் உரிந்து நடுவில் இரண்டெழுத்து மட்டும் மிச்சமிருந்தது. கேட்பவர்களுக்கு அவரே முழுப்பெயரையும் சொல்லி, இந்த மாதிரி இரும்பு இப்போது யார் போடுகிறான் என்பதையும் சேர்த்துச் சொல்லுவார். கடம்பூருக்குத் தெற்கே நாலு கிலோமீட்டரில் அவர் ஊர். அறுபது வெள்ளாடுகள், மழை பெய்தால் உளுந்தோ மக்காச்சோளமோ விளையும் மூன்று ஏக்கர் கரிசல், பிறகு இந்த வண்டி. மூன்றையும் அவர்தான் கட்டி மேய்ப்பதாக ஊரில் பேச்சு. ஆடுகளையும் நிலத்தையும் அவர் மனைவி சுந்தரம்மாள் பார்த்துக்கொண்டாள். வண்டியை அவர் பார்த்துக்கொண்டார்.

இரண்டு வருடங்களுக்கு முன் வரப்பில் வழுக்கி விழுந்ததில் அவருக்கு வலது முட்டி கெட்டுப்போனது. சுருட்டை விட வேண்டும், உடம்பைக் குறைக்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும், வண்டியை உதைத்துக் கிளப்பக் கூடாது என்று டாக்டர் நாலு புத்தி சொல்லி அனுப்பினார். செண்பகராஜ் அதில் நாலாவதை மட்டும் ஒருநாளும் மீறியதில்லை. வண்டியில் செல்ஃப் பட்டன் இருந்ததால் அதுவரை பிரச்சினையும் இல்லை.

பங்குனியில் பின் பிரேக் மிதிகட்டையின் ஸ்பிரிங் அறுந்தது. காலை எடுத்ததும் மிதிகட்டையை மேலே இழுத்துக்கொள்ளும் சின்ன ஸ்பிரிங்தான். கடைக்குப் போனால் உடனே கிடைத்திருக்கும். ஆனால் செண்பகராஜ் பழைய சைக்கிள் ட்யூபில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டு, இழுத்துக் கட்டினார். மிதித்தார், மேலே வந்தது. மறுபடி மிதித்தார், மறுபடியும் வந்தது. அன்று சாயங்காலம் வரை தெருவில் போனவர் வந்தவரையெல்லாம் கூப்பிட்டு மிதித்துக் காட்டினார்.

"ஸ்பிரிங்கு எதுக்கு வே? கம்பெனிக்காரன் நம்மள ஏமாத்துதான்" என்றார்.

ரப்பர் ஒரு மாதம் ஒழுங்காக இருந்தது. சித்திரை வந்தது. கடம்பூர்ப் பக்கத்துச் சித்திரையில் கரிசல் நிலமே வாய் பிளந்து கிடக்கும். சைக்கிள் ட்யூப் எம்மாத்திரம். வெயிலில் அது மெல்லத் தொய்ந்தது. மிதிகட்டை பழைய இடத்துக்கு வராமல் ஒரு விரற்கடை கீழேயே நின்றுவிட்டது. அதை செண்பகராஜ் பார்க்கவில்லை. தன் கைவேலையில் குறை பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

சித்திரை நடுவில் ஒரு நாள் காலை செல்ஃப் பட்டனை அழுத்தியபோது வண்டி 'கிர்ர்' என்று இழுத்தது. இரண்டாம் தடவை 'டிக்' என்றது. அதற்குப் பிறகு டிக் டிக்தான்.

"சுந்தரம், இங்கன வா" என்றார் வண்டியில் உட்கார்ந்தபடியே. "ஆக்சிலேட்டர நான் பாத்துக்கிடுதேன். நீ வந்து மிதி."

சுந்தரம்மாள் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து, ஒரு கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டு உதைத்தாள். நாலாவது உதைக்குக் கிளம்பியது. "பாத்தியா, ஆக்சிலேட்டர எங்கன பிடிக்கணும்னு ஒரு கணக்கு இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

மறுநாளும் அதுதான். வாரக்கடைசியில் கடம்பூர் கடைத்தெருவிலும் அதுதான். அவர் மேலே மைனர் மாதிரி உட்கார்ந்திருக்க, சுந்தரம்மாள் சேலையைச் செருகிக்கொண்டு கீழே நின்று உதைத்தாள். போளிக் கடைக்காரர் கல்லில் கிடந்த போளியைத் திருப்ப மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் அவளுக்கு ஊரில் 'மிதி சுந்தரம்மா' என்று பெயராகிவிட்டது.

ஒரு நாள் உதைத்தும் கிளம்பாமல் சரிவில் தள்ள வேண்டியதாயிற்று. பின்னால் குனிந்து தள்ளிக்கொண்டிருந்த சுந்தரம்மாளின் முகத்துக்கு நேரே சின்னதாகச் சிவப்பு விளக்கு எரிந்தது. வண்டி கிளம்பியதும் இன்னும் பளிச்சென்று எரிந்தது. அவர் போய்க் கருவேல மர வளைவில் மறைகிற வரைக்கும் எரிந்துகொண்டே போனது.

அவர் திரும்பி வந்ததும் சொன்னாள்: "ஏங்க, வண்டிக்குப் பின்னால செவப்பு லைட்டு அணையவே இல்ல. நீங்க பிரேக்க மிதிக்காமலே எரியுதே."

"வண்டின்னா லைட்டு எரியத்தான் செய்யும். ஒனக்கு என்ன தெரியும்?"

ஆனாலும் இப்படியே விட முடியாது என்று அவருக்கும் தோன்றியது. கடம்பூரில் சங்கரபாண்டியன் என்ற மெக்கானிக் கடை வைத்திருந்தான். கறுப்புக் கண்ணாடி போட்ட அவனுடைய படத்தோடு 'இருசக்கர வாகன டாக்டர்' என்று பேனர் கட்டியிருக்கும். பேனரில் பாதி இடத்துக்கு மேல் கண்ணாடிதான். புருசனும் பொஞ்சாதியும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனபோது அவன் டீ குடித்துக்கொண்டிருந்தான். எழுந்து வந்து டேங்கில் காதை வைத்தான். கண்ணை மூடினான். பட்டனை அழுத்தச் சொன்னான். டிக் டிக் என்றது.

"பேட்டரி செத்துட்டு அண்ணாச்சி" என்றான்.

"தம்பி, பின்னால லைட்டு ஒண்ணு எரிஞ்சிக்கிட்டே இருக்குது" என்றாள் சுந்தரம்மாள்.

"அது பிரேக் லைட்டு அக்கா. எரியத்தான் செய்யும்." செண்பகராஜ் அவளைப் பார்த்தார். நான் சொன்னேன்ல என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

புது பேட்டரி போட்டதும் வண்டி தொட்டவுடன் கிளம்பியது. ஒன்பது நாள் கிளம்பியது. பத்தாம் நாள் டிக் என்றது.

இப்போது மச்சினன் யோகராஜ் வந்தான். சுந்தரம்மாளின் தம்பி. புதியம்புத்தூரில் ரெடிமேட் யூனிட்டில் சட்டைக் காலர் தைக்கிறவன். நாளெல்லாம் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் போனை நிறுத்தி வைத்து வண்டி ரிப்பேர் வீடியோ ஓடவிட்டுக்கொண்டே தைத்ததில், காலர் எப்படி வந்ததோ, வண்டி ஞானம் நிறைய வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கியவன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினான். முன்பக்கமாகவே சுற்றினான்.

"அத்தான், பேட்டரிய மாத்துனவன் முட்டாப்பய. இன்ஜின்ல இருந்து வர்ற கரண்ட ஒழுங்கு பண்ணி பேட்டரிக்கு அனுப்புத பொட்டி ஒண்ணு இருக்கு. ரெகுலேட்டர்னு பேரு. அது அவுட்டு."

"எப்படிடே கண்டுபிடிச்ச?"

"அனுபவம்தான்."

"ஏலே, பின்னால அந்த லைட்டு..." என்று சுந்தரம்மாள் ஆரம்பித்தாள்.

"எக்கா, நீ கோழிய அடுப்புல வச்சிட்டு வந்து நிக்கே. கருகிறாம பாரு."

ரெகுலேட்டர் மாற்றினார்கள். மாற்றுகிற சாக்கில் கடையில் பேட்டரிக்கும் சார்ஜ் ஏற்றிக் கொடுத்ததால் வண்டி ஒரு வாரம் ஓடியது. யோகராஜ் அந்த ஒரு வாரமும் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ரெகுலேட்டரின் படத்தைப் போட்டு விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தான். எட்டாம் நாளிலிருந்து குழுவில் காலை வணக்கம் மட்டும் போட்டான்.

மறுபடி சங்கரபாண்டியன். ரெகுலேட்டர் போட்டவனைக் கரித்துக்கொட்டிவிட்டு, இன்ஜினுக்குள் கரண்ட் உண்டாக்குகிற காயில்தான் எரிந்துபோயிருக்க வேண்டும் என்றான். கழற்றிப் பார்த்தான். எரிந்திருக்கவில்லை. "வெளிய தெரியாது, உள்ளுக்குள்ள எரிஞ்சிருக்கும்" என்று சொல்லி மாற்றிவிட்டான். பெட்ரோல் அதிகம் குடிக்கிறது என்று செண்பகராஜ் சொன்னதற்கு கார்புரேட்டரை மாற்றினான். பின் சக்கரம் சூடாகி வாடை வருகிறது என்றதற்கு பிரேக் ஷூவை மாற்றினான். மிதிகட்டை மேலே வராததால் பிரேக் எப்போதும் சக்கரத்தை உரசிக்கொண்டே இருந்தது. ஷூ தேய்ந்து அப்பளமாகியிருந்தது. ஷூ மாற்றியபோது சங்கரபாண்டியனின் கை அந்த ரப்பரில் பட்டது.

"இது யாரு அண்ணாச்சி கட்டுனது?"

"நாந்தான்" என்றார் செண்பகராஜ்.

"நல்லா கட்டியிருக்கீங்களே!" என்று அதைத் தட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனான்.

கோவில்பட்டியில் வண்டி விற்கிற பெரிய ஷோரூம் ஒன்றுக்கும் போனார். டை கட்டின பையன் வண்டியைப் பார்க்கவே இல்லை. நாற்காலி போட்டு, ஜூஸ் கொடுத்து, புது வண்டியின் படத்தைக் காட்டினான். செண்பகராஜ் ஜூஸைக் குடித்துவிட்டு வந்துவிட்டார். ஒரு மாதத்தில் அவரிடம் யாரும் ஒன்றும் பிடுங்காமல் விட்ட ஒரே இடம் அதுதான்.

இப்படி பேட்டரி, ரெகுலேட்டர், காயில், கார்புரேட்டர், பிரேக் ஷூ எல்லாம் புதிதாயின. வண்டியில் மாற்றாமல் மிச்சமிருந்தது ஓட்டுகிற ஆள்தான்.

வைகாசியில் சுந்தரம்மாளின் அக்கா மகளுக்குக் கோவில்பட்டியில் கல்யாணம். பட்டுச் சேலையும் தலை நிறையப் பூவுமாக அவள் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனாள். முகூர்த்தம் முடிந்து, பந்தி முடிந்து, மதியம் ரெண்டு மணி வெயிலில் மண்டப வாசலுக்கு வந்தார்கள். சொந்தக்காரர்களெல்லாம் வெற்றிலை போட்டபடி வாசலில் நின்றார்கள். செண்பகராஜ் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். பட்டனை அழுத்தினார்.

டிக்.

எல்லோரும் சுந்தரம்மாளைப் பார்த்தார்கள். பின்வரிசையில் ஒருவன் போனை உயரத் தூக்கிப் பிடித்தான்.

"சுந்தரம்" என்றார் அவர், ரொம்ப மெதுவாக.

அவள் அசையவில்லை. செண்பகராஜின் தங்கை அழகுத்தாய் பக்கத்தில் வந்தாள். "மயினி, எங்க அண்ணனுக்குப் பாவம் முட்டி வலிக்கும்லா. ரெண்டு மிதி மிதிச்சு விடேன். நாங்களும் பாத்ததில்ல."

யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். சுந்தரம்மாள் பட்டுச் சேலையின் கொசுவத்தை ஒருமுறை சரிசெய்தாள். ஒரு மாதமாக உதைத்து உதைத்து வலது கணுக்கால் வீங்கியிருந்தது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவர் கேட்டதுமில்லை.

"ஒங்க அண்ணன்தான அழகுத்தாயி. நீ மிதி" என்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நடந்து, தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்த டவுன் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டாள்.

அழகுத்தாய் மிதிக்கவில்லை. அவள் தன் புருசனைப் பார்த்தாள். அவன் தனக்கு இடுப்புப் பிடித்திருப்பதாகச் சொன்னான். செண்பகராஜ் இறங்கி வண்டியைத் தள்ளினார். மத்தியான வெயிலில் மெயின் ரோட்டில், கடலை மிட்டாய்க் கடைகளையெல்லாம் தாண்டி, முட்டி கெட்ட காலோடு தள்ளினார். வியர்வை கண்ணில் இறங்கியது. முதல் தடவையாக, வண்டி இவ்வளவு கனம் என்பது அவருக்குத் தெரிந்தது. ஸ்டேஷன் ரோடு திரும்புகிற இடத்தில் ஒரு பூவரசு மர நிழல் இருந்தது. நிழலில் ஒரு கடையும் இருந்தது.

கடை ஷேக் பரீத்துடையது. லோடு ஆட்டோ, டிராக்டர், மினி லாரி இவற்றின் டைனமோ வேலைதான் பார்ப்பார். பேனர் கிடையாது.

"பாய், கொஞ்சம் பாக்கணும்" என்றார் செண்பகராஜ் மூச்சு வாங்கியபடி.

"நான் பைக்கு பாக்கிறதில்ல அண்ணாச்சி. முதல்ல உக்காருங்க, தண்ணி குடிங்க."

அவர் குடித்து முடிக்கும் வரை ஷேக் பரீத் வண்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "என்ன செய்யுது?" என்று கேட்டார்.

செண்பகராஜ் தன் அறுபது ஆட்டில் தொடங்கி முழுக் கதையும் சொன்னார். பேட்டரி மாற்றியது, ரெகுலேட்டர் மாற்றியது, காயில் மாற்றியது. வரிசையாகச் சொல்லும்போது அவருக்கே அது ஏதோ வேறொரு மடையனின் கதை மாதிரிக் கேட்டது.

"மாத்துறதுக்கு முன்னால யாராவது மீட்டர் வச்சுப் பாத்தாங்களா?"

"காத வச்சுப் பாத்தான்."

ஷேக் பரீத் சிரிக்கவில்லை. ஒயரில் டேப் சுற்றிய ஒரு பழைய மீட்டரை எடுத்து வந்தார். பேட்டரியில் வைத்தார். பன்னிரண்டுக்கு மேல் காட்ட வேண்டியது, பதினொன்றரைகூட இல்லை. ஒரு லாரி பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து வண்டியைக் கிளப்பிவிட்டு, அந்த ஒயரை எடுத்துவிட்டு மறுபடி மீட்டரை வைத்தார். ஆக்சிலேட்டரை முறுக்கச் சொன்னார். எண் மேலே ஏறியது, ஆனால் சோம்பேறித்தனமாக ஏறியது.

"சார்ஜ் வருது. ஒங்க காயில் நல்லாருக்கு. பழசும் நல்லாத்தான் இருந்திருக்கும். வர்றத நடுவுல யாரோ குடிக்கிறாங்க" என்றார். இன்ஜினை அணைத்தார். "சாவிய மட்டும் போட்டு வைங்க. வேற எதையும் தொடாதீங்க. ஹாரன் வேண்டாம், லைட்டு வேண்டாம்."

ஃபியூஸைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மீட்டரின் இரண்டு முனைகளையும் செருகினார். ஒன்றும் எரியாத வண்டி. மீட்டர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். ஆனால் ஒன்று புள்ளி ஏழு என்று காட்டியது.

"ஒண்ணும் போடாமலே இவ்வளவு போகுது, பாருங்க." சொல்லிக்கொண்டே ஷேக் பரீத் நடந்து வண்டியின் பின்பக்கம் போனார். ஒரு மாதமாக எந்த நிபுணனும் நின்று பார்க்காத பக்கம். அங்கே நின்றார். குனிந்தார்.

பிறகு முன்னால் வந்து, செருப்புக் காலின் நுனியைப் பிரேக் மிதிகட்டைக்கு அடியில் கொடுத்து ஒரு விரற்கடை மேலே தூக்கினார். மீட்டர் சட்டென்று கீழே விழுந்தது. காலை எடுத்தார். ஒன்று புள்ளி ஏழு. தூக்கினார், விழுந்தது. எடுத்தார், ஏறியது. மூன்று தடவை செய்து காட்டினார்.

செண்பகராஜுக்குக் காது சூடாயிற்று.

"மிதிகட்ட மேல வரல. அதனால பிரேக் லைட்டு அணையல. ஊருக்குள்ளயே மெதுவா போற வண்டி, அது உண்டாக்குற கரண்டே கொஞ்சந்தான். பூராத்தையும் இந்த லைட்டு தின்னுட்டு பேட்டரியிலயும் கை வைக்குது" என்றார் ஷேக் பரீத். அப்புறம் குனிந்து ரப்பரைத் தொட்டுப் பார்த்தார். "இத யாரு கட்டுனது?"

"தெரியலயே பாய். மெக்கானிக் எவனாவது கட்டியிருப்பான்" என்றார் செண்பகராஜ்.

"லைட்டு பகல்லயே பளிச்சுனு எரியுதே. வீட்ல யாரும் பாத்துச் சொல்லலியா?"

"இல்லயே. வீட்ல பொம்பளதான இருக்கா. அவளுக்கு என்ன தெரியும்?"

ஷேக் பரீத் ஒரு டப்பாவைக் கொட்டி, சின்ன ஸ்பிரிங் ஒன்றைத் தேடி எடுத்து மாட்டினார். மிதிகட்டை 'டப்' என்று மேலே போய் நின்றது. பேட்டரியை இரண்டு மணி நேரம் சார்ஜில் போட்டுக் கொடுத்தார். புறப்படும்போது, "பக்ரீத்துக்கு நல்ல கிடா ஒண்ணு இருந்தா சொல்லுங்க அண்ணாச்சி, நானே வந்து பாக்குறேன்" என்றார். சந்தோசத்தில் செண்பகராஜ் வீட்டுக்கு வழியும் சொல்லி, போன் நம்பரும் கொடுத்துவிட்டார்.

வீட்டில் சுந்தரம்மாள் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். அவர் வண்டியை அணைத்து, அவள் காதுபட மறுபடி பட்டனை அழுத்திக் கிளப்பிக் காட்டினார்.

"என்னவாம்?" என்று கேட்டாள்.

"அது பெரிய கோளாறு. இன்ஜினுக்கும் பேட்டரிக்கும் நடுவுல ஒரு நுட்பமான சமாச்சாரம். ஒனக்குச் சொன்னா வெளங்காது. பாய் அசந்துட்டாரு. நான் அடையாளம் சொல்லித்தான் பிடிச்சோம்."

அவள் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தாள். விளக்கு எரியவில்லை. "சரி" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பக்ரீத்துக்கு நாலு நாள் முன்னால் ஷேக் பரீத் லோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். கொட்டிலில் வெள்ளை உடம்பில் செம்மண் தெறித்த மாதிரி ஒரு கிடா நின்றது. செம்போரை என்பார்கள். கொடியாட்டுக் கிடா, இடுப்பு உயரம். எட்டயபுரம் சந்தையில் அதைக் கொண்டு நிறுத்தி, மொத்தச் சந்தையையும் திரும்பிப் பார்க்க வைக்கப்போவதாக செண்பகராஜ் ஐந்து மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சொன்னது அவர், தழை ஒடித்துப் போட்டது சுந்தரம்மாள்.

அவள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். ஷேக் பரீத் வாங்கிக் குடித்துவிட்டு வண்டியைப் பார்த்தார்.

"வண்டி எப்படி இருக்கு அண்ணாச்சி? பின்னால அந்த லைட்டு இப்ப ஒழுங்கா அணையுதா?"

செண்பகராஜ் அவசரமாக, "கிடாயப் பாருங்க பாய், கிடாயப் பாருங்க" என்றார்.

"எந்த லைட்டுண்ணே?" என்றாள் சுந்தரம்மாள்.

"பிரேக் லைட்டுதான் அக்கா. எவனோ ஒருத்தன் மிதிகட்டையில ஸ்பிரிங்குக்குப் பதிலா சைக்கிள் ட்யூபக் கட்டி வச்சிருக்கான். அது தொய்ஞ்சு, நாளெல்லாம் லைட்டு எரிஞ்சு, பேட்டரியக் குடிச்சிருக்கு. அவ்வளவுதான் கோளாறு. இதுக்குப் போயி வண்டியில பாதிய மாத்தியிருக்காங்க."

சுந்தரம்மாள் புருசனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஒரு குட்டியைத் தூக்கி அதன் குளம்பை ரொம்ப அக்கறையாகச் சோதித்துக்கொண்டிருந்தார். கோபத்தில் அவள் ஏதாவது கத்தினால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அண்ணே, அந்தச் செம்போரக் கிடா பிடிச்சிருக்கா?" என்று கேட்டாள்.

"பிடிச்சிருக்கு. ஆனா அது சந்தைக்குன்னு அண்ணாச்சி போன்ல சொன்னாவளே. எனக்கு அந்த அளவுக்குத் தோதுப்படாது."

"ஒங்களுக்கு எது தோதோ அதக் குடுங்க. பிடிச்சுட்டுப் போங்க."

செண்பகராஜ் குட்டியைக் கீழே விட்டார். "சுந்தரம், அது எட்டயபுரத்துக்கு..."

"ஒரு மாசமா அந்த லைட்டு எரியுதுன்னு சொன்னேன். காது குடுத்துக் கேட்டது யாரு? இந்த அண்ணன் நடந்து போயி பின்னால பாத்திருக்காரு." அவளே கிடாயின் கயிற்றை அவிழ்த்தாள். "நீங்க போயி வண்டியத் தொடைங்க. ஒங்க டிபார்ட்மெண்டு அதுதான."

ஷேக் பரீத்துக்கு இப்போதுதான் விசயம் பிடிபட்டது. அவர் ஒருமுறை செண்பகராஜைப் பார்த்தார், மறுமுறை சுந்தரம்மாளைப் பார்த்தார். அப்புறம் தன்னால் முடிந்த விலையைவிடக் கொஞ்சம் கூடவே கொடுத்தார்; அவள் அந்தக் கூடுதலைத் திருப்பி அவர் பையிலேயே வைத்தாள். கிடா ஆட்டோவில் ஏறியது. செண்பகராஜ் துணியைக் கையில் வைத்துக்கொண்டு டேங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

மறுநாள் கடம்பூர் டீக்கடையில், செம்போரக் கிடாயை ஏன் சந்தைக்குக் கொண்டுபோகவில்லை என்று கேட்டார்கள்.

"பாய் நமக்கு வேண்டிய ஆளு. வேண்டியவன்கிட்ட வெலை பாக்க முடியுமா? நானே கூப்பிட்டுக் குடுத்துட்டேன்" என்றார் செண்பகராஜ்.

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த சங்கரபாண்டியன் வண்டி இப்போது எப்படி ஓடுகிறது என்று விசாரித்தான். நன்றாக ஓடுகிறது என்றதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டான்.

"ஓடாம என்ன செய்யும்? அம்புட்டு பார்ட்ஸும் நான் போட்டதுல்லா" என்றான்.